சம்மட்டி: சொல்லும் கருவியும்

பெருந்தோல்வியைச் ‘சம்மட்டி அடி’ என்று எழுதத் தயங்காத நாம், அந்த அடியைக் கொடுக்கும் கருவியைப் பற்றிக் கையேடு எழுதும்போது மட்டும் ‘ஸ்லெட்ஜ் ஹேமர்’ என்றோ ‘பெரிய சுத்தியல்’ என்றோ எழுதிவிடுகிறோம். இரண்டும் தேவையில்லை. நீண்ட காம்பும் கனத்த இரும்புத் தலையும் கொண்டு, இரு கைகளாலும் பிடித்து வீசி அடிக்கும் கருவியே சம்மட்டி. பெரும்பாலும் அதன் தலை 3 முதல் 9 கிலோ வரையிலும், காம்பு 75 முதல் 90 செ.மீ. வரையிலும் இருக்கும். ஒரு கையால் பிடித்து அடிப்பது சுத்தியல். எனவே ‘பெரிய சுத்தியல்’ என்பது சம்மட்டிக்கு விளக்கமாகாது. ஒரு கைக் கருவியில் சற்றுப் பருத்தது என்ற பொருளையே அது தரும்.

சம்மட்டிக்கும் சுத்தியலுக்கும் அண்டை மொழிகளில் உறவுச் சொற்கள் உண்டு. தெலுங்கில் ‘சம்மெட’, கன்னடத்தில் ‘சம்மட்டிகெ’ என்பவை இதே கருவியைக் குறிக்கின்றன. சுத்தியலுக்குக் கன்னடத்தில் ‘சுத்திகெ’. மலையாளத்திலோ சம்மட்டி என்றால் சவுக்கு. தமிழிலும் குதிரைச் சவுக்குக்கு இப்பெயர் வழங்கியதுண்டு. ஓங்கி வீசி அடிப்பது என்ற செயல் இரண்டுக்கும் பொது என்பதைக் கருதினால் இந்தப் பொருள் விரிவு வியப்பளிக்காது.

சங்க நூல்களில் இக்கருவியின் பெயர் ‘கூடம்’. புறநானூற்றின் 170ஆம் பாடல், கருங்கைக் கொல்லன் ‘விசைத்தெறி கூடமொடு பொரூஉம் உலைக்கல்’ போன்றவன் என்று சேரர் படைத்தலைவன் பிட்டங்கொற்றனின் வலிமையைச் சொல்கிறது. அடிப்பதை விட்டுவிட்டு, அடியைத் தாங்கும் கல்லை உவமையாக்கிய அந்தப் பார்வை, பட்டறையை அருகில் நின்று பார்த்தவரின் பார்வை. வடமொழியிலும் ‘கூட’ என்னும் சொல்லுக்கு இரும்புச் சம்மட்டி என்ற பொருள் உண்டு. இந்தப் பழஞ்சொல்லை மீட்டெடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பள்ளிக்கூடம், சமையற்கூடம் என்று அச்சொல் வேறு வேலைக்குப் போய் நிலைத்துவிட்டபின் அது குழப்பத்தையே தரும் என்பது என் கருத்து, சம்மட்டியே போதும்.

ஆங்கிலச் சொல்லின் வரலாற்றையும் தெரிந்துகொள்வது நல்லது. ‘ஸ்லெட்ஜ்’ என்பது அடித்தல் என்னும் பொருளுடைய பழைய ஆங்கில வினையோடு உறவுடையது. பனியில் இழுத்துச் செல்லும் வண்டியைக் குறிக்கும் அதே ஒலிப்புள்ள சொல் டச்சு மொழி வழியாக வந்தது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ‘ஹேமர்’ என்பதோடு உறவுடைய, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழிச் சொல்லான ‘ஹமர்’ சுத்தியலோடு செங்குத்துப் பாறையையும் குறித்தது. கல்லே கருவியாக இருந்த காலத்தின் சுவடாக அதைச் சொல்லாய்வாளர் கருதுகின்றனர்.

கொல்லுப்பட்டறையில் இச்சொற்களின் வேறுபாட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். கொல்லர் இடக்கையில் குறடும் வலக்கையில் சுத்தியலுமாக நின்று, பழுத்த இரும்பின் மேல் ஓரிடத்தில் மெல்லத் தட்டுவார்; எதிரே நிற்பவர் அதே இடத்தில் சம்மட்டியை இறக்குவார். சுத்தியல் இடத்தைச் சொல்ல, சம்மட்டி விசையைத் தருகிறது. மரத்தச்சர் மரப்பிடி உளியை அடிக்கும் மரக்கட்டைக்குக் கொட்டாப்புளி என்று பெயர்; கொட்டுதல் என்ற வினை அதில் அப்படியே ஒலிக்கிறது.

இத்தனையையும் ‘சுத்தியல்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பதால் வரும் கேடு மொழியோடு நிற்பதில்லை. ஆணி பிடுங்கும் சுத்தியலின் முகம் ஆணியை அடிப்பதற்கென்றே கடினமாக்கப்பட்டது. அதைக் கொண்டு எஃகு உளியை அடித்தால் முகத்தின் விளிம்பு தெறித்துக் கண்ணில் பாயக்கூடும். உளியின் தலையை விட ஏறத்தாழ 12 மி.மீ. அகன்ற முகம் உள்ள, உளி அடிப்பதற்கெனச் செய்த சுத்தியலையே எடுக்க வேண்டும். ஒரு சம்மட்டியைப் பிளக்கும் ஆப்பாக வைத்து மற்றொரு சம்மட்டியால் அடிப்பது அதைவிட ஆபத்தானது. பலநாள் அடிவாங்கித் தலை விரிந்து, ஓரமெல்லாம் பிசிறு மடிந்து தொங்கும் உளியைச் சாணைபிடித்துச் சீராக்காமல் தொடவே கூடாது, ஏனெனில் அடுத்த அடியில் பறப்பது அந்தப் பிசிறுதான். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம்.

எடையைத் தேர்வதில் பலர் தவறுகிறார்கள். அடியின் ஆற்றல் எடையோடு நேராகவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயர்வதால், நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் இறங்கும் 4 கிலோ சம்மட்டி 72 ஜூல் தர, 8 மீட்டர் வேகத்தில் இறங்கும் 3 கிலோ சம்மட்டி 96 ஜூல் தருகிறது. தூக்கவே திணறும் சம்மட்டியைக் காட்டிலும், குறி தவறாமல் பலமுறை வீச முடிகிற சம்மட்டியே நல்லது. முகம் முழுவதும் பொருளின் மேல் படியும்படி அடிக்க வேண்டும். சாய்ந்து விழும் அடி வழுக்கும், விளிம்பையும் உடைக்கும். வீச்சின் சுற்றளவுக்குள் யாரும் நிற்கக் கூடாது.

காம்பு தளர்ந்து தலை ஆடத் தொடங்கினால் அதைத் தண்ணீரில் ஊறப்போடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. ஊறிய மரம் உப்பி ஒருநாள் இறுகும். அழுத்தத்தில் நசுங்கிய நார்கள் காய்ந்தபின் முன்னிலும் சுருங்கி, தலை மேலும் தளரும். காம்பின் நுனியில் செருகியுள்ள ஆப்பை எடுத்துவிட்டுப் புதிதாக இறுக்கி அடிக்க வேண்டும். காம்பில் விரிசல் தெரிந்தால் துணி சுற்றிக் கட்டாமல் காம்பையே மாற்ற வேண்டும்.