24 வாரம் தாண்டிய பிறகு கருக்கலைப்பு: சட்டம் எதை அனுமதிக்கிறது?

குழந்தைக்குக் குறை இருக்கிறது என்பது பெரும்பாலும் ஐந்தாம் மாத ஸ்கேனில்தான் தெரியவரும். அதை உறுதிசெய்ய இன்னொரு ஸ்கேன், பனிக்குட நீர் எடுத்துப் பரிசோதனை, அந்த ரிசல்ட்டுக்கு இரண்டு மூன்று வாரம் என்று போனால் 24 வாரம் நெருங்கிவிடும். மூளையில் நீர் கோத்துக்கொள்வது, தலை வளராமல் நிற்பது மாதிரி சில குறைகள் ஏழாம் மாதத்தில்தான் பிடிபடும். “இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தீங்க?” என்று கேட்கும் சொந்தக்காரர்களுக்கு இதுதான் பதில்.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1971ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 20 வாரத்தோடு கதவைச் சாத்தியது. 2008இல் மும்பையைச் சேர்ந்த ஒரு தம்பதி, கருவின் இதயக் கோளாறைக் காட்டி உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்டார்கள், கிடைக்கவில்லை. அப்புறம் பல வழக்குகள் வந்து, 2021இல்தான் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வரை, குறிப்பிட்ட சில நிலைமைகளில், இரண்டு டாக்டர்கள் சொல்ல வேண்டும். 24க்கு மேல், கருவில் கணிசமான குறைபாடு இருப்பதாக மெடிக்கல் போர்டு முடிவுசெய்தால் வார வரம்பே கிடையாது. உடனே செய்யாவிட்டால் தாய் பிழைக்கமாட்டாள் என்ற நிலையில் போர்டுகூட வேண்டியதில்லை.

போர்டில் மகப்பேறு டாக்டர், குழந்தைகள் டாக்டர், ஸ்கேன் டாக்டர் ஆகியோர் இருப்பார்கள். விண்ணப்பம் கிடைத்த 3 நாளில் அவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும், அனுமதித்தால் விண்ணப்பம் கிடைத்த 5 நாளுக்குள் சிகிச்சையும் நடந்துவிட வேண்டும் என்பது விதி. எங்கே போவது என்று தெரியாவிட்டால் அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரியின் மகப்பேறு பிரிவில் விசாரியுங்கள், எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டுபோங்கள். போர்டு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் 2023இல் உச்ச நீதிமன்றம், கருவில் குறை ஏதும் இல்லாத 26 வாரக் கர்ப்பத்துக்கு அனுமதி மறுத்ததையும் நினைவில் வையுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். 18 வயது நிறைந்த, மனநலப் பாதிப்பு இல்லாத பெண் என்றால் அவர் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து, மாமியார் ஒப்புதல் எல்லாம் சட்டத்தில் எங்கும் இல்லை. கலைக்கச் சொல்லி வற்புறுத்தவும் யாருக்கும் உரிமை இல்லை.

எந்தக் குறை ‘கணிசமானது’ என்று சட்டம் பட்டியல் போடவில்லை. மண்டையோடே உருவாகாத குழந்தை விஷயத்தில் குழப்பம் இருக்காது. பிழைத்து வாழக்கூடிய, ஆனால் ஆயுள் முழுக்கத் துணை தேவைப்படும் குழந்தை என்றால்? குறையோடு பிறப்பவர்கள் வேண்டாதவர்கள் என்றா சட்டம் சொல்கிறது என்று மாற்றுத்திறனாளிகள் கேட்பது நியாயமான கேள்வி, அதைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் அந்தக் கேள்விக்கான விலையை ஒரு தாயின் தலையில் மட்டும் கட்டுவது சரியில்லை என்பேன்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இவ்வளவு தாமதமாகச் செய்யும்போது, குழந்தை உயிரோடு பிறந்துவிடாதிருக்க முதலில் ஊசி போட்டு அதன் இதயத்தை நிறுத்துவதுண்டு, அதன்பிறகு வலி வரவைத்துப் பிரசவம். மேசைமேல் படுத்தபிறகு இதைக் கேள்விப்படுவது கொடுமை, அதனால் முந்தின நாளே டாக்டரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று நாளில் மார்பில் பால் கட்டும்; யாரும் எச்சரிக்காததால் பலர் அந்த நேரத்தில் உடைந்துபோகிறார்கள். பால் வற்ற மாத்திரை உண்டு. குழந்தையைப் பார்க்கலாமா, அடக்கம் செய்ய வாங்கிக்கொள்ளலாமா என்றும் தயங்காமல் கேட்கலாம். தானே எடுத்த முடிவு என்பதால் அழ உரிமையில்லை என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வேலைக்குப் போகிறவர்கள், மருத்துவக் கருக்கலைப்புக்குப் பின் 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்று அலுவலகத்தில் கேளுங்கள். பேறுகாலச் சலுகைச் சட்டவிதிகளின் கீழ் வரும் நிறுவனம் என்றால், தகுதியுள்ளவர்களுக்கு அதைத் தர வேண்டும். கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் விவரத்தை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அடக்கத்துக்கு முன் மரபணுப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள், அடுத்த கர்ப்பத்தில் இதே குறை திரும்ப வருமா என்று பார்க்க அது உதவும்.