மூன்றாம் தரமும் அதே கேள்வி

ஒட்டுசுட்டான் பக்கம், பொழுதுபடுகிற நேரம். அக்காவின் மகன் மோட்டார் சைக்கிளில் வரும்போது மாடு குறுக்கே பாய்ந்து விழுந்துவிட்டான். பின்னால் வந்தவர்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டார். முழங்கையில் உரசல், வேறு காயமில்லை. தேத்தண்ணியைக் கையில் வாங்கியவன், "அம்மா, என்ர ஹெல்மெட் எங்க?" என்று கேட்டான். "மடியிலதானே இருக்கு, தம்பி" என்றார் அக்கா. இரண்டு மிடறு குடித்துவிட்டுத் திரும்பவும் கேட்டான். தேத்தண்ணி முடியுமுன் மூன்றாம் தரமும் கேட்டபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது.

"அவன் மயங்கவே இல்லையே" என்றார் அக்கா. தலையில் அடிபட்டால் எங்கள் ஊரில் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பதும் மூளையதிர்ச்சியின் அறிகுறிதான், அதாவது அடியில் மூளை குலுங்கி அதன் வேலை குழம்புவது. அது வந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை.

முல்லைத்தீவிலிருந்து எருமைத் தயிரைக் கிரவல் ரோட்டில் கொண்டுபோனவர்களுக்கு இது விளங்கும். சட்டியில் ஒரு கீறலும் இராது. உள்ளே தயிர் உடைந்து தண்ணி விட்டிருக்கும். மண்டையோடும் அப்படித்தான். அதற்குள்ளே சுமார் 1.4 கிலோ மூளை, மெல்லிய நீர்ப்படலத்தில் மிதக்கிறது. தலை சடாரென்று நின்றாலோ திரும்பினாலோ மூளை உள்ளே குலுங்கி முறுகும். ஹெல்மெட் சட்டியைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும். ஆனால் தயிர் அசைவதை முழுதாகத் தடுக்க முடியாது.

அப்படி முறுகும்போது நரம்பு இழைகள் இழுபடுகின்றன. கலங்களுக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் வெளியே கசிய, வெளியே நிற்கவேண்டிய கல்சியம் உள்ளே புகுகிறது. இதைச் சரிக்கட்ட மூளைக்கு வழக்கத்தைவிட அதிக சக்தி வேண்டும். அந்த நேரம் பார்த்து இரத்த ஓட்டமோ குறைந்துவிடும். சோர்வு, மந்தம், மறதி எல்லாம் இதனால்தான். சி.ரி. ஸ்கானில் இந்தக் குழப்பம் தெரியாது. ஸ்கான் காட்டுவது இரத்தக் கசிவையும் எலும்பு வெடிப்பையும். ஆகவே மூளையதிர்ச்சியைப் பேசிப் பார்த்தும் நடக்கவிட்டுப் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பார்வை ஓரிடத்தில் குத்தி நிற்கும். பதில் பிந்தி வரும். தலையிடி, தலைச்சுற்று, வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, காரணமில்லாத எரிச்சல், நடையில் தள்ளாட்டம். சிலருக்கு இவை மறுநாள்தான் தெரியவரும். சின்னப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. ஓயாமல் அழும், சாப்பிடாது, விளையாட்டுச் சாமானைத் தொடாது. இதில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

உயிருக்கு ஆபத்து இரத்தக் கசிவு. கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள நெற்றிப்பொட்டில் எலும்பு மிக மெல்லியது. அதன் உட்புறமாக ஒரு நாடி ஓடுகிறது. அது கிழிந்தால் ஆள் சில மணிநேரம் நன்றாகவே பேசிக்கொண்டிருந்துவிட்டு, பிறகு மெல்லச் சரியலாம். "அடிபட்டவனை நித்திரை கொள்ள விடாதே" என்று பெரியவர்கள் சொன்னது இந்தப் பயத்தில்தான். ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லாதவர் நித்திரை கொள்ளலாம். ஆனால் முதல் 24 மணிநேரம் பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும். எழுப்பியும் எழும்பவில்லை என்றால் அது நித்திரை இல்லை.

தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, கை கால் விறைத்தாலோ, கண்மணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தாலோ, மூக்காலோ காதாலோ தெளிந்த நீர் வடிந்தாலோ உடனே 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம். கழுத்து நோகுது என்றால் ஆளை அசைக்க வேண்டாம். வயதானவர்களும், வார்பரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும் அறிகுறி வரும்வரை காத்திருக்கவே கூடாது. குடித்திருந்தவர் விழுந்தால் "வெறியில் கிடக்கிறார்" என்று விட்டுவிட வேண்டாம். வெறி மயக்கத்தையும் மூளைக் கசிவையும் வெளியில் நின்று பிரித்தறிய முடியாது.

வன்னியில் இன்னொன்றும் இருக்கிறது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் பார்த்து, அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி அனுப்ப நேரம் போகும். சந்தேகம் இருந்தால் வெளிச்சம் இருக்கும்போதே புறப்படுங்கள். உடம்பில் பழைய ஷெல் துண்டு இருப்பவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். சி.ரி. ஸ்கானுக்கு அது பெரிய தடையில்லை. எம்.ஆர்.ஐ. வேலை செய்வது காந்தத்தில். உள்ளே கிடக்கும் இரும்பை அது இழுத்துவிடலாம்.

வலிக்குப் பரசிட்டமோல் போதும். அஸ்பிரின் வேண்டாம், அது கசிவைக் கூட்டும். ஒன்றிரண்டு நாள் ஆறியிருந்துவிட்டு, மெல்ல மெல்ல நடமாடலாம். கிழமைக்கணக்கில் இருட்டறையில் படுக்கத் தேவையில்லை. ஆனால் முழுதாகச் சுகமாகுமுன் திரும்ப மைதானத்தில் இறங்கக் கூடாது. ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுந்தால் பாதிப்பு மிகக் கடுமையாகும்.

அக்காவின் மகனை அன்றிரவே கொண்டுபோனோம். கசிவு இல்லை. ஒரு நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு அனுப்பினார்கள். புத்தகத்தைத் திறந்தால் தலையிடிக்கிறது என்று சொல்வது நிற்க மூன்று கிழமை ஆனது. மாடு குறுக்கே வந்தது மட்டும் அவனுக்கு இன்றைக்கும் ஞாபகமில்லை.