நேற்றுவரை ஒத்துக்கொண்ட வாழைப்பழம்

என் சித்தப்பா மகள் ஈரோட்டில் நர்ஸ். ஊர் கோபி பக்கம், வாழைத்தோப்புக்குள் வளர்ந்தவள். 38 வயதில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பழம் தின்றாள். ரெண்டாவது கடியிலேயே நாக்கு நமநமவென்று அரித்தது. கொஞ்ச நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. “மருந்தடிச்சுப் பழுக்க வெச்சிருப்பாங்களாங்ண்ணா?” என்று போனில் கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் சொந்தத் தோட்டத்துத் தாரில் பழுத்ததைத் தின்றபோதும் அப்படியே ஆனது.

அலர்ஜி டாக்டர் பழத்தைப் பற்றிக் கேட்கவில்லை. “கையுறை போட்டால் கை அரிக்குமா?” என்றுதான் கேட்டார். பல வருடமாகவே அரித்துக்கொண்டிருந்தது.

லேட்டக்ஸ் கையுறை ரப்பர் மரத்துப் பாலில் செய்வது. அந்தப் பாலில் ஹெவீன் என்றொரு குட்டிப் புரதம் உண்டு. 43 அமினோ அமிலங்கள்தான். பூஞ்சையிடமிருந்து மரத்தைக் காப்பது அதன் வேலை. வாழைக்கும் அதே பூஞ்சைத் தொல்லை என்பதால் கைட்டினேஸ் என்ற நொதியை வைத்திருக்கிறது. அதன் ஒரு முனை ஹெவீனுக்கு உடன்பிறந்தது போலவே இருக்கும்.

கையுறையின் புரதம் தோல் வழியாகவும், கையுறைக்குள் தூவிய மாவோடு மூச்சு வழியாகவும் உள்ளே போகப் போக, சிலருடைய உடல் அதை எதிரியாகக் கணக்கில் வைத்து, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. அது மாஸ்ட் செல்கள் என்ற நோயெதிர்ப்பு செல்களின் மேல் போய் ஒட்டிக் காத்திருக்கும். இதெல்லாம் சத்தமில்லாமல் நடப்பது. அப்புறம் ஒரு நாள் வாழைப்பழம் வருகிறது. ஐஜிஇக்கு ஆள் அடையாளம் குழம்பிவிட, மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகின்றன. அரிப்பும் வீக்கமும் அதனால்தான். பழம் மாறவே இல்லை. உடம்புதான் வேறோர் இடத்தில் பகையைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறது.

லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது பழமோ காயோ சேராமல் போகிறது. வாழை, அவகேடோ, கிவி, பப்பாளி எல்லாம் இந்த வரிசையில் உண்டு. சூட்டில் கைட்டினேஸ் சிதைந்துவிடும் என்பதால், பழம் சேராத சிலருக்கு வாழைக்காய்ப் பொரியல் ஒன்றும் செய்வதில்லை. அதற்காக வீட்டில் தின்று பார்க்க வேண்டாம், டாக்டர் முன்னால் சோதிப்பதே சரி. மூச்சுத் திணறலோ தலைச்சுற்றலோ வந்தால் அரிப்பு மாத்திரை போதாது. தொடையில் அட்ரினலின் ஊசி வேண்டும், உடனே 108ஐக் கூப்பிடுங்கள். ஆபரேஷன் என்றால் லேட்டக்ஸ் சேராது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

தங்கை இப்போது லேட்டக்ஸ் இல்லாத நைட்ரைல் கையுறைக்கு மாறிவிட்டாள். பழனி போய்வந்தவர்கள் பஞ்சாமிர்தம் கொடுத்தால், கும்பிட்டு வாங்கி மகனுக்கு ஊட்டிவிடுகிறாள்.