எக்ஸ்ரெஃப், லேயர்: தமிழில் எப்படிச் சொல்வது?

சாலை, வடிகால், பாலம் என எதைக் கணினியில் வரையும் அலுவலகமாக இருந்தாலும் எக்ஸ்ரெஃப், லேயர் என்ற இந்த இரண்டு சொற்களும் ஓயாமல் காதில் விழும். ‘எக்ஸ்ரெஃப் காணோம்’, ‘அந்த லேயரை ஃப்ரீஸ் பண்ணு’, ‘யார் லேயர் சீரோவில் வரைந்தது?’ இப்படி. அவற்றுக்குத் தமிழ் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ‘வெளிப்புற மேற்கோள்’, ‘அடுக்கு’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டுமே பொருளைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம். முதலாவது பொருளையே மாற்றிவிடுகிறது.

எக்ஸ்ரெஃப் என்பது ‘எக்ஸ்டர்னல் ரெஃபரன்ஸ்’ என்பதன் சுருக்கம். ஒரு வரைபடக் கோப்புக்குள் இன்னொரு கோப்பைக் காட்டும் வசதி. ‘ரெஃபர்’ லத்தீனிலிருந்து வந்த சொல். ‘ரெ’ என்றால் திரும்ப, ‘ஃபெர்ரே’ என்றால் சுமந்து செல்வது. கணினியில் வரைவதற்கான (கேட்) மென்பொருளான ஆட்டோகேட் 1982 இறுதியில் வெளிவந்தது, ஆனால் எக்ஸ்ரெஃப் வசதி 1990இல் வந்த 11ஆம் பதிப்பில்தான் கிடைத்தது. அதற்கு முன்பு ஒரு வரைபடத்துக்குள் இன்னொன்று வேண்டுமென்றால் பிளாக்காக, அதாவது ஒரே பொருளாகத் தொகுத்த கோடுகளாக, செருக வேண்டும். செருகிய நொடியில் அது ஒரு நகல். அப்புறம் சர்வேயர் தன் கோப்பில் ஒரு மின்கம்பத்தை இரண்டு மீட்டர் தள்ளி வைத்துத் திருத்தினாலும், உங்கள் வரைபடத்தில் கம்பம் பழைய இடத்திலேயே நிற்கும்.

எக்ஸ்ரெஃப் அந்த நகலெடுப்பைத் தவிர்க்கிறது. சாலை அகலப்படுத்தும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சர்வே ஒரு கோப்பு, சாலையின் மையக்கோடு ஒரு கோப்பு, மழைநீர் வடிகால் ஒரு கோப்பு. அச்சுக்குப் போகும் தாள்கள் தனிக் கோப்புகள். தாள் கோப்பு மற்ற மூன்றின் கோடுகளைத் தனக்குள் சேமித்துக்கொள்வதில்லை. எந்தக் கோப்பு, அது எந்தப் பாதையில் இருக்கிறது, எந்தப் புள்ளியில் என்ன அளவில் என்ன கோணத்தில் வைக்க வேண்டும் என்பதைத்தான் குறித்து வைக்கிறது. திறக்கும்போது அங்கே போய்ப் பார்த்துக் காட்டுகிறது.

மேற்கோள் அப்படியா? பிறர் சொன்னதை எடுத்து நம் பக்கத்தில் எழுதிக்கொள்வதுதான் மேற்கோள். மூலநூலை ஆசிரியர் மறுபதிப்பில் திருத்தினாலும் நம் பக்கத்தில் இருப்பது மாறாது. ஆக, மேற்கோள் என்ற சொல் பழைய பிளாக் செருகலுக்குத்தான் பொருந்தும்.

எக்ஸ்ரெஃப் செய்வது சுட்டுவது. சுட்டுக்கு நம் இலக்கணத்தில் ஆயத்தமாகவே ஒரு பாகுபாடு இருக்கிறது: அகச்சுட்டு, புறச்சுட்டு. ‘அவன்’ என்பதில் அகரத்தை எடுத்துவிட்டால் மிஞ்சும் ‘வன்’ பொருள் தராது. சுட்டு சொல்லுக்குள்ளேயே இருக்கிறது, அது அகச்சுட்டு. ‘அப்பையன்’ என்பதில் சுட்டை நீக்கினாலும் ‘பையன்’ முழுசாக நிற்கிறான். அது புறச்சுட்டு. எக்ஸ்ரெஃப்பை டிடாச் செய்து கழற்றினால் தாள் கோப்பில் நீங்கள் வரைந்தது அப்படியே நிற்கும், சுட்டப்பட்ட சர்வே கோப்புக்கும் ஒன்றும் ஆகாது. எனவே புறச்சுட்டு. பள்ளியில் படித்த சொல்தான், புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

இந்தப் பெயரை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். சுட்டிய இடத்தில் கோப்பு இல்லாவிட்டால் வரைபடம் வர வேண்டிய இடத்தில் பாதையின் எழுத்து மட்டும் தெரியும். வரைபடங்களை ஆலோசகருக்கு அனுப்பும்போது தாள் கோப்பை மட்டும் மின்னஞ்சலில் இணைத்து, சுட்டப்பட்டவற்றை விட்டுவிடுவதால் வருகிற தொல்லை இது. முழுப் பாதைக்குப் பதில் சார்புப் பாதை (தாள் கோப்பு இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடும் பாதை) கொடுத்தால் மொத்தக் கோப்புறையையும் வேறு கணினிக்கு மாற்றினாலும் சுட்டு அறுந்துபோகாது. 2018 பதிப்பிலிருந்து ஆட்டோகேட் சார்புப் பாதையையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

அட்டாச், ஓவர்லே என்ற இரண்டு சுட்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாடும் இதே கணக்குதான். சர்வே கோப்பை வடிகால் கோப்பு சுட்டுகிறது, வடிகாலைத் தாள் சுட்டுகிறது. முதல் சுட்டு அட்டாச் என்றால் சர்வேயும் கூடவே தாளுக்கு வந்துவிடும். ஓவர்லே என்றால் வராது. தாள் ஏற்கெனவே சர்வேயை நேராகச் சுட்டியிருந்தால் ஓவர்லேதான் நல்லது. இல்லையென்றால் ஒரே சர்வே இரண்டு வழியாக வந்து உட்காரும்.

சரி, லேயர். வரைபடத்தின் கோடுகளை வகைவாரியாகப் பிரித்து வைத்து, வேண்டியதை மட்டும் காட்ட உதவும் பிரிவு. ஆங்கிலத்தில் முதலில் இந்தச் சொல் பொருளைக் குறிக்கவில்லை, ஆளைக் குறித்தது. ‘லே’ என்றால் இடு, ‘லேயர்’ என்றால் இடுபவர், அதாவது கல்லை வைத்துக் கட்டும் கொத்தனார். ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பட்ட பரப்பு என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டில்தான் வந்தது. கட்டுமானத் துறைக்கு இந்தச் சொல் புதிது இல்லை!

கணினிக்கு முன்பு வரைபட அறைகளில் ஒளி ஊடுருவும் பாலியெஸ்டர் தாள்களைப் பயன்படுத்தினார்கள். தாளின் மேல்விளிம்பில் துளையிட்டு, எல்லாவற்றையும் ஒரே ஊசிப்பட்டையில் மாட்டுவார்கள். நிலம் ஒரு தாளில், கட்டடம் இன்னொன்றில், குழாய் மற்றொன்றில். வேண்டியவற்றை மட்டும் சேர்த்து நகலெடுப்பார்கள். கேட் மென்பொருளின் லேயர் அந்த முறையைத்தான் பின்பற்றியது.

அடுக்கு என்ற சொல்லில் எனக்குள்ள சிக்கல், சாலை வரைபடத்தில் அது ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. சப்கிரேடு என்ற அடிமண், அதன் மேல் ஜிஎஸ்பி, டபிள்யூஎம்எம் என்ற ஜல்லிப் பரப்புகள், பிறகு டிபிஎம், மேலே பிசி என்ற தார்க்கலவைப் பரப்புகள். இவையெல்லாம் சாலையின் அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் கனம் உண்டு. ‘டிபிஎம் அடுக்கை மறை’ என்று எழுதினால் எதைச் சொல்கிறோம்? கேட் லேயருக்குக் கனம் கிடையாது, ஒன்றின் மேல் ஒன்று என்ற வரிசையும் கிடையாது. மெல்லிய, ஒளி புகும் பரப்புக்குத் தமிழில் படலம் என்ற சொல் இருக்கிறது. கண்ணில் படலம், ஓசோன் படலம் என்கிறோம். காப்பியத்தின் உட்பிரிவுக்கும் அதே பெயர் உண்டு, ஆனால் வரைபடத்தில் யாரும் குழம்பப் போவதில்லை. அந்தப் பாலியெஸ்டர் தாளுக்கும் படலமே பொருத்தமான பெயர். (மைக்ரோஸ்டேஷன் என்ற இன்னொரு கேட் மென்பொருளில் வரைபவர்கள் இதை ‘லெவல்’ என்பார்கள். சாலைக்காரர்களுக்கு லெவல் என்றால் தரைமட்டம். அந்தக் குழப்பம் தனிக்கதை.)

படலத்தை மறைக்க இரண்டு வழி. ஆஃப் செய்வதை அணைத்தல் என்றும், ஃப்ரீஸ் செய்வதை உறையவைத்தல் என்றும் சொல்லலாம். இரண்டிலும் கோடு திரையில் தெரியாது, அதனால் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அணைத்த படலம் கண்ணுக்குத்தான் இல்லை, மென்பொருளுக்கு இருக்கிறது. ‘எரேஸ்’ கொடுத்து ‘ஆல்’ என்று தட்டினால் அணைத்த படலத்தில் இருப்பதும் அழிந்துபோகும். உறைந்ததும் பூட்டியதும் தப்பிக்கும். அதோடு, உறைந்த படலத்தை மென்பொருள் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பதால் கனமான சர்வே கோப்பும் இலகுவாக நகரும்.

புறச்சுட்டும் படலமும் சந்திக்கும் இடத்தில்தான் கவனம் தேவை. சர்வே கோப்பின் மரம் என்ற படலம் தாள் கோப்பில் ‘சர்வே|மரம்’ என்று தெரியும். அந்த நெடுங்கோட்டைப் படலப் பெயரில் நாமாக இட மென்பொருள் விடாது. பைண்ட் கொடுத்துச் சுட்டை உள்ளே பிணைத்துவிட்டால் பெயர் ‘சர்வே$0$மரம்’ ஆகிவிடும். டாலர் குறியைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம், சுட்டு அறுந்து நகலாகிவிட்டது, இனி சர்வேயர் திருத்துவது இங்கே வராது.

‘சர்வே|மரம்’ படலத்தைத் தாளில் உறையவைத்தால் சர்வே கோப்பில் எதுவும் மாறாது. அது இந்தத் தாளின் பார்வை மட்டுமே. அந்தப் பார்வை அடுத்த முறை திறக்கும்போதும் நிற்க வேண்டுமானால் ‘விஸ்ரிடெய்ன்’ என்ற அமைப்பு மாறியின் (வேரியபிள்) மதிப்பு 1 ஆக இருக்க வேண்டும். 0 என்றால் மீளேற்றும் ஒவ்வொரு முறையும் சர்வேயர் வைத்த நிறமும் தெரிநிலையும் திரும்ப வந்துவிடும். ‘நேற்று அணைத்தேன், இன்று எல்லாம் எரிகிறது’ என்று யாராவது சொன்னால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். 1 ஆக இருந்தாலும், சர்வேயர் புதிதாகச் சேர்த்த படலத்தைப் பற்றித் தாளுக்கு எந்த நினைவும் இருக்காது. அது எல்லா வியூபோர்ட்டிலும் (தாளில் வரைபடத்தைக் காட்டும் சன்னல்) தெரிந்தபடியேதான் வரும். அச்சுக்கு அனுப்புமுன் படலப் பட்டியலில் புதுப் பெயர் ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்த்து, வேண்டாத வியூபோர்ட்டுகளில் அதைத் தனியாக உறையவைக்க வேண்டும்.