மனச்சான்று ஆய்வா, சுய பரிசோதனையா?

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக் கத்தோலிக்கக் கோவில்களில் கையில் கொடுக்கிற செபத் தாள்களில் 'சுய பரிசோதனை செய்வோம்' என்ற வரி தவறாமல் இருக்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் வீடுகளுக்குள் புகுந்ததே, அதற்குப் பிறகான செபங்களிலும் அதே சொல்தான். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

தன் நடத்தையைக் கடவுள் முன் திரும்பிப் பார்க்கிற செபத்தைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். இலத்தீனில் இதற்கு 'எக்ஸாமென் கான்ஷியென்சியே' என்று பெயர். எக்ஸாமென் என்பது தராசு முள், அதிலிருந்து எடைபோட்டுப் பார்ப்பது. கான்ஷியென்சியா என்பது மனச்சான்று, அதாவது மனசாட்சி. மூலத்தில் 'சுய' என்று எதுவும் இல்லை.

பரிசோதனை என்றதும் யாருக்கும் ரத்தம், சர்க்கரை, லேப் ரிப்போர்ட்தான் நினைவுக்கு வரும். கொரோனா காலத்தில் வீட்டிலேயே மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததற்கும் சுய பரிசோதனை என்றுதான் பெயர். அதுகூடப் பரவாயில்லை, 'சுய' என்று சேர்த்ததும் கடவுள் வெளியே போய்விடுகிறார் என்பதுதான் என் பெரிய வருத்தம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 16ஆம் நூற்றாண்டில் இந்தச் செபத்துக்கு ஐந்து படிகள் வகுத்தார். முதலில் நன்றி, அடுத்து தன்னை அறிய அருள் கேட்பது, மூன்றாவதில்தான் நாளைத் திரும்பிப் பார்ப்பது, அப்புறம் மன்னிப்பு, திருந்தும் தீர்மானம். முதல் இரண்டையும் விட்டுவிட்டு, படுக்கை முதல் பாத்திரம் வரை வெள்ளத்தில் இழந்த ஒரு அம்மாவிடம் 'உங்களை நீங்களே பரிசோதித்துப் பாருங்கள்' என்றால், 'நான் என்ன பாவம் செய்தேன், இப்படி ஆயிற்றே' என்றுதானே அவர் தேடுவார்? பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் இல்லை, இவருடைய பெற்றோரும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9).

சரி, பழைய 'ஆத்தும சோதனை'க்கே போகலாமே என்பார்கள். சமஸ்கிருதத்தில் சோதனை என்றால் தூய்மையாக்குவது, ஆராய்வது. அந்தப் பொருளில் நல்ல சொல்தான். ஆனால் நம் வாயில் துன்பமும் சோதனை, பாவத் தூண்டுதலும் சோதனை. 'எங்களைச் சோதனையில் விழவிடாதேயும்' என்று செபித்த அதே வாயால், கஷ்ட காலத்தில் 'சோதனை செய்வோம்' என்றால் கேட்பவர் எதை எடுத்துக்கொள்வார்?

'தன்னாய்வு' தூய தமிழ்தான், ஆனால் அங்கேயும் 'தான்' மட்டுமே நிற்கிறது. தமிழாக இருந்தால் மட்டும் போதாது, பொருளும் சேர வேண்டும். என் தேர்வு 'மனச்சான்று ஆய்வு'. சான்று என்றாலே இன்னொருவர் முன்னால் சொல்வது. மனச்சான்று மனிதர் கடவுளோடு தனித்திருக்கும் இடம் என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் சொன்னதும் இதோடு பொருந்துகிறது. 139ஆம் சங்கீதமும் 'தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்' என்றுதான் கேட்கிறது. ஆராய்பவர் அவர்.

பேச்சில் 'மனசாட்சியோடு ஆண்டவர் முன்னால் உட்கார்ந்து பார்ப்போம்' என்று சொன்னாலே போதும், மறைக்கல்வி வகுப்புக் குழந்தைகளுக்கும் புரியும். இப்போது பலர் ஆங்கிலத் தாளைப் பக்கத்தில் வைத்து, அகராதியில் முதலில் கண்ணில் படுகிற சொல்லை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை வாய்விட்டுச் செபித்துப் பாருங்கள் ஐயா, நாக்கில் நிற்காத சொல்லைத் துக்கத்தில் இருப்பவர் கையில் கொடுக்காதீர்கள்.