அனார்கிரோய்: கைம்மாறு வேண்டா மருத்துவர்கள்

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில், கொஞ்ச தூரத்துக்குள்ளேயே பல சபைகளின் கோயில்களைப் பார்க்கலாம். லத்தீன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., மலங்கரை கத்தோலிக்கர், சீரோ மலபார் என்று எல்லோரும் உண்டு. திருவிதாங்கோட்டில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சபையாரின் அரப்பள்ளி என்ற பழைய கோயில் இருக்கிறது. ஒரு வீட்டுச் செபப்புத்தகம் அடுத்த வீட்டுக்குப் போவது இங்கே சாதாரணம். கீழைச் சபைகளின் புனிதர் படங்களோடு ‘அனார்கிரோய்’ என்ற சொல்லும் அப்படித்தான் வந்து சேர்கிறது. பார்த்தவுடன் ஓர் ஆளின் பெயர் போலத் தோன்றும். உண்மையில் அது ஒரு பட்டம். நோயாளியிடம் காசு வாங்காமல் மருத்துவம் பார்த்த புனிதர்களுக்குக் கிரேக்கச் சபை கொடுத்த பட்டம்.

கிரேக்கத்தில் ‘ஆர்கிரோஸ்’ என்றால் வெள்ளி. முன்னால் நிற்கும் ‘அன்’ இன்மையைக் காட்டுவது; ‘அநாதி’ என்ற வடசொல்லின் தொடக்கத்தில் இருப்பதும் அதே முன்னொட்டுதான். ‘அர்ச்சுனன்’ என்ற பெயருக்கும் ஆர்கிரோஸுக்கும் வேர் ஒன்று. இரண்டிலும் உள்ள கருத்து வெண்மை, பளபளப்பு. நம் ‘வெள்ளி’ வேறு குடும்பத்துச் சொல். ஆனாலும் அதுவும் வெண்மையிலிருந்துதான் பிறந்தது. ஆக, அனார்கிரோஸ் என்பதன் நேர்ப்பொருள் வெள்ளி இல்லாதவர். ஒருவரைச் சொன்னால் அனார்கிரோஸ், பலரைச் சொன்னால் அனார்கிரோய்.

வெள்ளி என்ற உலோகம் காசுக்குப் பெயரானது கிரேக்கத்தில் மட்டும் நடந்ததல்ல. ‘ரூபாய்’க்கு மூலமான வடசொல் வெள்ளியைக் குறிப்பது. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் இன்றைக்கும் பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்றுதான் கணக்குச் சொல்கிறார்கள். திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தில் புழங்கிய சக்கரமும் முன்பு வெள்ளியில் அடித்த பொடிக்காசுதான். அதனால் ‘வெள்ளி வாங்காதவர்’ என்று சொல்லியிருந்தால் அந்தக் காலத்து எங்கள் ஊர்க்காரருக்கு விளக்கமே தேவைப்பட்டிருக்காது.

இந்தப் பட்டத்துக்கு அடி வேதாகமத்தில் இருக்கிறது. மத்தேயு 10ஆம் அதிகாரம், 8ஆம் வசனம்: “வியாதியுள்ளவர்களைச் சொஸ்தமாக்குங்கள்” என்று தொடங்கி, “இலவசமாய்ப் பெற்றீர்கள், இலவசமாய்க் கொடுங்கள்” என்று முடிகிறது. அடுத்த வசனத்திலேயே கச்சையில் பொன், வெள்ளி, செம்பு எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்ற கட்டளை. மூலத்தில் அங்கே வெள்ளிக்கு இருப்பது இதே ஆர்கிரோஸ். எருசலேம் ஆலய வாசலில் கால் விளங்காதவனைப் பார்த்துப் பேதுரு சொன்னதும் “வெள்ளியும் பொன்னும் என்னிடத்திலில்லை” என்பதுதான். இதற்கெல்லாம் முன்னே பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி எலிசா நிற்கிறார். சீரியப் படைத்தலைவன் நாகமானின் குஷ்டம் நீங்கியபின் அவன் கொண்டுவந்த காணிக்கையை எலிசா தொடவில்லை. வேலைக்காரன் கேயாசி பின்னாலேயே ஓடி இரண்டு தாலந்து வெள்ளியும் இரண்டு மாற்று உடையும் வாங்கி வந்தான். நாகமானை விட்டுப்போன குஷ்டம் அவன்மேல் ஏறியது.

பட்டத்துக்கு உரியவர்களில் முதன்மையானவர்கள் கொஸ்மா, தமியான் என்ற இரட்டையர். அரபு நாட்டில் பிறந்து சிலிசியாவில், இன்றைய துருக்கியின் தென்கரையில், வைத்தியம் பார்த்தவர்கள் என்பதும், ரோமைப் பேரரசன் தியோக்ளேசியன் காலத்தில் வேதசாட்சிகளாக இறந்தார்கள் என்பதும் மரபு. ரோமைத் திருப்பலியின் பழைய நற்கருணை மன்றாட்டில் இவர்கள் பெயர் இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை 4ஆம் பெலிக்ஸ் ரோமாபுரியின் மன்றவெளியில் இவர்கள் பெயரால் கோயில் அமைத்தார். படங்களில் இவர்களை அடையாளம் காண்பது எளிது: ஒரு கையில் சிறு மருந்துப் பெட்டி, மறு கையில் மருந்து எடுக்கும் மெல்லிய கரண்டி. பணப்பையை எந்த ஓவியரும் வரைவதில்லை.

இவர்களைப் பற்றிய ஒரு கதை இந்தச் சொல்லை எந்த அகராதியையும்விட நன்றாக விளக்குகிறது. பலாதியா என்ற பெண் நெடுங்காலப் படுக்கையிலிருந்து எழுந்தாள். நன்றி சொல்ல அவளிடம் இருந்தது மூன்று முட்டை. அண்ணன் தம்பி இருவருமே வாங்க மாட்டார்கள் என்று தெரிந்து தமியானைத் தனியே பிடித்து, திரித்துவத்தின் பெயரால் ஆணையிட்டு வாங்கச் சொன்னாள். ஆணைக்குக் கட்டுப்பட்டு அவர் வாங்கிக்கொண்டார். விஷயம் தெரிந்த கொஸ்மா மனம் உடைந்து, செத்தாலும் என்னை இவன் பக்கத்தில் அடக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இருவரும் போன பிறகு எங்கே குழி வெட்டுவது என்று தெரியாமல் சனம் நின்றபோது, முன்பு அவர்கள் குணமாக்கிய ஓர் ஒட்டகம் மனிதக் குரலில் பேசியது: பிரிக்காதீர்கள், தமியான் வாங்கியது கூலிக்காக அல்ல.

மூன்று முட்டைக்கு இவ்வளவு கோபமா என்று கேட்கத் தோன்றும். கொஸ்மாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. குணமாக்கும் வரம் தன் சொத்தல்ல என்று நம்புகிறவருக்கு அதை விற்க உரிமை கிடையாது. முட்டைக்கு விற்றாலும் விற்றதுதான். ஒட்டகத்தின் தீர்ப்பிலும் நியாயம் இருக்கிறது. ஏழை ஒருத்தி கையில் இருப்பதைக் கொடுத்து நிமிர்ந்து நிற்க விரும்புகிறாள். அதைத் தட்டுவது அவளைக் கடனாளியாகவே வைத்திருப்பது. இரண்டு நியாயத்தையும் ஒரே கல்லறையில் வைத்ததுதான் இந்தக் கதையின் அழகு.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. விஷக்கடிக்குக் காசு பேசி வாங்கினால் மருந்து பலிக்காது என்ற நம்பிக்கை எல்லையின் இரு பக்கமும் உண்டு. நாட்டு வைத்தியரிடம் தீனக்காரர் வீட்டாள் “எவ்வளவு ஆச்சு வைத்தியரே?” என்று கேட்டால், “ஒனக்கு ஒள்ளத வெத்திலயில வச்சிட்டுப் போ, மக்ளே” என்பார். தொகை சொல்ல மாட்டார். வெற்றிலையை மறுக்கவும் மாட்டார். தட்சிணை, கூலி இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு அந்த வெற்றிலைதான். கோயிலிலும் அப்படித்தான். வேளாங்கண்ணியில் கண்ணுக்குக் கண், காலுக்குக் கால் என்று வெள்ளித் தகட்டில் உருவம் வாங்கி நேர்ச்சை வைக்கிறோம். கிரேக்க நாட்டிலும் வெள்ளி வாங்காத இந்தப் புனிதர்களின் படங்களுக்கு முன்னால் அதே போன்ற வெள்ளித் தகடுகள்தான் தொங்குகின்றன. குணமான பிறகு மனம் நிறைந்து கொண்டுவருவதற்கு விலை என்று பெயரில்லை. குணமாவதற்கு முன்னால் கேட்டு வாங்குவதற்கு வேறு எந்தப் பெயர் சூட்டினாலும் அது விலைதான். சுகமளிக்கும் கூட்டங்களில் காணிக்கை உறை முதலில் வருகிறதா, செபம் முதலில் வருகிறதா என்று பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

பட்டம் பெற்ற மற்றவர்களையும் சொல்ல வேண்டும். இன்றைய துருக்கியில் இருந்த நிக்கோமேதியா நகரின் பந்தலேயோன் அரண்மனை மருத்துவர். ஏழைகளுக்கு வாங்காமல் பார்த்தார், 305இல் கொல்லப்பட்டார், பந்தலேயிமோன் என்ற பெயரில் ஜூலை 27 அன்று நினைக்கப்படுகிறார். எகிப்தின் சைரஸ், யோவான் என்ற இருவர் உண்டு. அலெக்சாந்திரியாவுக்கு அருகே உள்ள அபு கீர் என்ற ஊர்ப்பெயர் ‘அப்பா சைரஸ்’ என்பதன் திரிபு. நம் ஆரோக்கியநாதரை, அதாவது கொள்ளைநோய்க்காரரைத் தொட்டுப் பார்த்த ரோக்குவை, இந்தப் பட்டியலில் தேட வேண்டாம். அவர் மருத்துவரல்ல, பட்டமும் கிரேக்கச் சபைக்கு உரியது. லத்தீன் சபையில் இந்தப் பட்டம் இல்லாவிட்டாலும் அதற்குத் தகுதியானவர்கள் இருந்திருக்கிறார்கள். நேப்பிள்ஸ் நகரின் யோசேப்பு மொஸ்காத்தி (1880-1927) ஏழை நோயாளியிடம் வாங்காததோடு, மருந்துச் சீட்டுக்குள் பணம் வைத்துக் கொடுத்தார் என்பார்கள். வெனிசுவேலாவின் ஹோசே கிரகோரியோ எர்னாண்டஸ் 1919இல் ஒரு நோயாளிக்கு மருந்து வாங்கப் போன வழியில் கார் மோதி இறந்தார். 2025 அக்டோபர் 19 அன்று புனிதரானார்.

நெய்யூரில் வேலை பார்த்த டாக்டர் சாமர்வெல்லை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1922இல் எவரெஸ்ட் ஏறப் போனவர், திரும்பும் வழியில் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைப் பார்த்து, லண்டனில் காத்திருந்த பதவியை விட்டு இங்கே வந்துவிட்டார். மிஷன் அவருக்குப் படி கொடுத்தது. ஆகவே கறாராகப் பார்த்தால் பட்டம் பொருந்தாது. பட்டத்தின் மனம் பொருந்தும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘வெள்ளியற்றோர்’ என்றால் ஏழை என்றுதான் படும். ‘இலவச மருத்துவர்’ என்றால் முகாம் ஞாபகம் வரும். இலவசம் என்பது கொடுக்கப்படும் பொருளைப் பற்றிய சொல், கொடுப்பவர் மனத்தைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. ‘தர்மாஸ்பத்திரி’ என்ற நல்ல சொல் தமிழிலும் மலையாளத்திலும் இருந்தது, ஆனால் அது கட்டடத்துக்கு. ‘ஊதியம் பெறா மருத்துவர்’ பிழையில்லை, ஆனால் அலுவலக வாடை அடிக்கிறது. “கைம்மாறு வேண்டா கடப்பாடு” என்று மழையை வள்ளுவர் சொன்ன 211ஆம் குறளில் நமக்கு வேண்டிய தொடர் இருக்கிறது. ‘வேண்டா’ என்பதில் வாங்க மறுப்பதோடு விரும்பாமையும் சேர்கிறது. கொஸ்மாவும் அதில் அடங்குவார், வாங்கியும் விரும்பாத தமியானும் அடங்குவார். ஆகவே ‘கைம்மாறு வேண்டா மருத்துவர்’ என்பதே என் தேர்வு. ஒருவரானால் மருத்துவர், பலரானால் மருத்துவர்கள்.

எழுதும்போது முதல் முறை மட்டும் கிரேக்கச் சொல்லைத் தமிழ் எழுத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ‘புனித அனார்கிரோய்’ என்று தனி ஒருவர் பெயர் போல எழுத வேண்டாம். விழா நாள் போடும்போது எந்தச் சபை என்று குறிப்பிடுவது நல்லது: கொஸ்மா, தமியானுக்கு லத்தீன் சபையில் செப்டம்பர் 26, கிரேக்கச் சபையில் நவம்பர் 1.