கவண்பொறி செய்கிறீர்களா? முதலில் மரத்தின் ரேகையைப் பாருங்கள்

போன மாதம் என் பட்டறைக்கு ஒடிந்த கட்டை ஒன்று வந்தது. கல்லூரிப் பிள்ளைகள் கண்காட்சிக்காகச் செய்த ட்ரெபுஷேயின் வீச்சுக்கை. இடைக்கால ஐரோப்பாவில் கோட்டை முற்றுகைக்கு நிறுத்திய கவண்பொறி இது. கையின் குட்டைப் பக்கத்தில் பெரும் பாரம், நெட்டைப் பக்கத்தில் கல் வைத்த கவண். பாரம் இறங்கினால் கல் பறக்கும். 1304-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் கோட்டையின் முன் இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் நிறுத்திய 'வார்வுல்ஃப்' இதில் பேர்போனது.

ஒடிந்த இடத்தைத் தடவிப் பார்த்தேன். விரிசல் குறுக்கே போகவில்லை. ரேகையோடு சாய்வாக ஓடி, அச்சுத் துளையில் வந்து நின்றிருந்தது. ரேகை சாய்ந்த மரத்தையும் மெஷின் நேராகவே அறுத்துக் கொடுத்துவிடும். பாரம் ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் நான் கைக்கட்டையை அறுப்பதில்லை, ஆப்பு வைத்துப் பிளக்கிறேன். தேக்கில் நன்றாக வரும். பிளவு ரேகையோடே போவதால் முனைக்கு முனை ஒரே ரேகை கிடைக்கும். பிறகு வாச்சியால் செதுக்கி இழைப்புளி போட வேண்டும்: அச்சிடத்தில் தடிப்பாக, நுனியில் மெலிதாக.

கையைத் தாங்கும் சட்டத்துக்கு, முனையில் செதுக்கிய கழுந்தும் அது நுழையும் துளையும், மூங்கில் ஆணியும் போதும்.

இரும்பு வேலையில்தான் ஆபத்து அதிகம். கவணின் வளையம் மாட்டும் நுனி முள்ளை லாரியின் வில்பட்டை இரும்பில் அடித்து, தண்ணீரில் முக்கி அப்படியே பொருத்திவிடுகிறார்கள். முக்கியதோடு விட்டால் அது கண்ணாடி மாதிரி தெறிக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கி, நீல நிறம் ஏறும்வரை மறுபடி சூடு காட்டுங்கள். அந்த முள்ளின் வளைவுதான் கல் விடுபடும் நேரத்தைத் தீர்மானிக்கிறது. அதிகம் வளைந்தால் கல் தாமதமாக விடுபட்டு எதிரே தரையில் அறையும். வளைவு குறைந்தால் சீக்கிரம் விடுபட்டு நேர் மேலே, சில சமயம் பின்னாலேயே போகும். பொறிக்குப் பின்னால் நிற்பது பத்திரம் என்று தயவுசெய்து நினைக்காதீர்கள். பக்கவாட்டில், தள்ளி நில்லுங்கள்.

கால் கிலோ பந்துக்கு 25 கிலோ பாரம் என்பது வழக்கமான கணக்கு. ஒரு அரிசி மூட்டை தலைக்கு மேல் தொங்குகிறது! அதைத் தூக்கியபின் யாரும் கையால் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது. குறுக்கே ஒரு இரும்புக் கம்பி செருகிவிட்டுத்தான் கவணில் பந்து வைக்க வேண்டும். எல்லாரும் விலகியதும் கம்பியை உருவி, கையை விடுவிக்கும் விசையை நீளமான கயிற்றால் இழுங்கள்.

புதுக் கையை அந்தப் பிள்ளைகளே பிளந்து செதுக்கினார்கள். முதல் வீச்சுக்கு 5 கிலோ மட்டும் ஏற்றினோம். ஒவ்வொரு வீச்சுக்குப் பிறகும் ஒரு பெண் அச்சுத் துளையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.